மழை இல்லாத நாள்

போன வாரம் ஆனந்தவள்ளியை இலஞ்சி வீட்டு அடுப்படியில், இட்லிக்கு ஊற்றுவதா புடவையைத் தேய்ப்பதா என்று தெரியாமல் நின்ற நிலையில் விட்டுவிட்டு வந்தோம். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறாள். புடவையைத் தேய்த்தாயிற்று, அதுவும் முந்தானை ஓரம் லேசாகத் தீய்ந்துவிட்டது.

பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இன்றைக்குக் கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது.

நடுவில் வந்து சேர்ந்த வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. தென்காசியிலிருந்து இலஞ்சி போகிற சாலையில் இருக்கும் பொறியியல் கல்லூரியில், அணுசக்திப் பொறியியல் துறைக்குத் தலைவி நம் ஆனந்தவள்ளி. துறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான்கு ஆசிரியர்கள், மேல்மாடியில் ஒரு ஆய்வுக்கூடம், இறுதியாண்டில் பதினோரு பிள்ளைகள். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி அவள் மகள் இசக்கிச்செல்வி. பக்கத்துக் கம்ப்யூட்டர் துறைக்காரர்கள் ஒரு வகுப்பில் அறுபது பேரை அடைத்து வைத்துக்கொண்டு, இந்த மாடியும் கிடைத்தால் தேவலை என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். நிர்வாகமும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. குழு நல்ல வார்த்தை சொன்னால் துறை இருக்கும், இல்லையென்றால் இந்த வருஷத்தோடு சேர்க்கை நின்றுவிடும்.

இது போதாதென்று மணிமுத்து விவகாரம் வேறு.

மணிமுத்து அவள் கணவரின் தம்பி. போன வருஷம் வரை அதே துறையில் ஆசிரியன். அந்தத் தை மாதம், காமா கதிர்களை எண்ணுகிற டிடெக்டர் ஒன்றைப் புதிதாக வாங்கி அவன் பொறுப்பில் கொடுத்தார்கள். சித்திரை வைகாசி வரை கருவி சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனி பிறந்ததும் எண்ணிக்கை காரணமே இல்லாமல் ஏற ஆரம்பித்தது. அதே வாரம் கருவியின் ஓரத்தில் சின்னதாக ஒரு நசுங்கலை ஆனந்தவள்ளி பார்த்துவிட்டாள். கீழே போட்டுவிட்டாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். இல்லை, பெட்டியைப் பிரிக்கும்போதே அந்த நசுங்கல் இருந்தது, கருவியில் கோளாறு எதுவும் இல்லை, நமக்குப் புரியாத ஏதோ நடக்கிறது என்றான் அவன். புரியவில்லை என்று ஓர் ஆசிரியன் சொன்னால் எந்த நிர்வாகம் கேட்கும்? விசாரணை என்று பேச்சு எழுந்த மறுநாளே ராஜினாமாவைக் கொண்டுவந்து நீட்டினான். மதினி மதினி என்று சுற்றி வந்தவன், அன்றைக்கு "இந்தாங்க மேடம்" என்றான்.

கருவி கம்பெனிக்குப் போயிற்று. கார்த்திகை கழிந்து வெயில் பளிச்சென்று அடிக்கிற நேரத்தில் திரும்பி வந்தது, ஒழுங்காக எண்ணியது. பழுது பார்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். என்ன பழுது, எதைச் சரிசெய்தீர்கள் என்று ஒருவரும் ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை.

வீட்டிலும் அத்தோடு பேச்சு அறுந்தது. அண்ணன் இசக்கியப்பன் தம்பியைக் கூப்பிட்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டார். மணிமுத்து பெண்டாட்டியோடு பண்பொழிக்குக் குடிபோய், செங்கோட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் பாடம் எடுக்கிறான். அவனுக்கு ஆண் பிள்ளை பிறந்து, பேர் விட்டு, திருமலைக் கோயிலில் மொட்டையும் போட்டாயிற்று. பெரியம்மாக்காரி இன்னும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது மறுபடியும் ஆனி. கருவிக்கும் மறுபடியும் அதே வியாதி.

இசக்கியப்பன் சப்-இன்ஸ்பெக்டர். சீசன் முடியும்வரை குற்றாலத்தில் பந்தோபஸ்து. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இட்லியை விழுங்கிக்கொண்டிருந்தவர், மெதுவாகத் தன் திட்டத்தை எடுத்து விட்டார். சாயந்தரம் குழுவை ஐந்தருவிக்கு அழைத்து வந்துவிட வேண்டும். எண்ணெய் தேய்த்துவிட ஆள் சொல்லியாயிற்று. கூட்டத்தில் நிற்க வேண்டியதில்லை, கயிறு கட்டி வழி விடச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனந்தவள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் கல்லூரிக் காபியையே யோசித்துத்தான் குடிப்பார்கள், துறைத் தலைவியின் வீட்டுக்காரர் குளிப்பாட்டி அனுப்பினார் என்று தெரிந்தால் அன்றைக்கே மூட்டையைக் கட்டிவிடுவார்கள் என்று படபடவென்று சொன்னாள்.

"அது எப்படிட்டி?" இசக்கியப்பனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "சீசனுக்கு வந்த ஆள அருவிக்குக் கூட்டிட்டுப் போகாம அனுப்புனா நாளைக்கு எவன் நம்மள மதிப்பான்?"

கையெடுத்துக் கும்பிட்டு, குழு ஊரைவிட்டுப் போகும்வரை அருவி என்ற சொல்லையே எடுக்கக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் அவரை அனுப்பினாள். வாசலில் நின்ற புல்லட்டின் சீட்டைக் கையால் வழித்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்.

செல்வி பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"யம்மா, டிடெக்டர் இன்னைக்கும் கூடத்தான் காட்டும். கேட்டா என்ன சொல்ல?"

பழைய கோளாறு திரும்பியிருக்கிறது, கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம் என்று சொல்லச் சொன்னாள் ஆனந்தவள்ளி.

"சித்தப்பா இருந்தா..." என்று ஆரம்பித்த செல்வி, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். இட்லிக் கொப்பரையின் மூடி கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

*

குழுவில் மூன்று பேர். அதில் தலைவர் அகமது கபீர், ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவர், சென்னைக்காரர். காரிலிருந்து அவர் இறங்கியதைத்தான் பிள்ளைகள் அன்றைக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். கதவைப் பாதி திறந்து, முதலில் ஒரு பெரிய கறுப்புக் குடையை வெளியே நீட்டி, விரித்து, அதற்கப்புறம்தான் காலைத் தரையில் வைத்தார்.

வரவேற்க நின்ற முதல்வர், ஆசிரியர்கள், காவலாளி, சந்தனக் கிண்ணத்தோடு நின்ற மாணவிகள் ஒருவர் கையிலும் குடை கிடையாது. பொழுது விடிந்ததிலிருந்து சாரல் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதற்கென்ன? சாரலுக்குக் குடை பிடிக்கிறவன் வெளியூர்க்காரன் என்று இங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். சட்டை நனையும், உடம்புச் சூட்டிலேயே காயும், மறுபடி நனையும். ஆனி ஆடி ஆவணி மூன்று மாதமும் இந்த ஊர் இப்படித்தான் நடமாடுகிறது. கொடியில் துணி காயவில்லை என்ற குறை ஒன்றைத் தவிரச் சாரலைப் பற்றி யாரும் பேசுவது கூட இல்லை.

கபீர் சிரிக்காத மனிதர். ஆனால் கடுமையானவர் என்றும் சொல்ல முடியாது. காலை முழுக்கக் கேள்விகளாகக் கேட்டார். நான்கு ஆசிரியர்கள் இத்தனை பாடத்தை எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறீர்கள், ஒருவர் விடுப்பில் போனால் என்ன செய்வீர்கள், படித்து முடித்த பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள். அணு உலையே பக்கத்தில் இல்லாமல் அணு உலையைப் பற்றி எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்றும் கேட்டார். ஆனந்தவள்ளி ஒன்றையும் பூசி மெழுகவில்லை. உலையின் நடப்பைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டுகிறோம், வருஷத்துக்கு ஒரு தடவை மின் நிலையத்துக்கு அழைத்துப் போகிறோம், அதற்கு மேல் எங்களிடம் வசதி இல்லை என்றாள். போன வருஷம் படித்து முடித்தவர்களில் இரண்டு பேர் வங்கி வேலைக்குப் போய்விட்டார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

"பதினோரு பேருக்கு ஒரு டிடெக்டர்" என்றார் கபீர். "அப்ப எல்லாரும் கை வச்சுத் தொட்டிருப்பாங்க. நல்லதுதான்."

அந்த ஒரு வார்த்தையில் ஆனந்தவள்ளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாடிப்படி ஏறும்போது, துறை பிழைத்துக்கொள்ளும் என்றே நினைத்தாள்.

*

ஆய்வுக்கூடத்தில் ஜன்னலோரமாக டிடெக்டர் இருந்தது. பதினோரு பேரும் வரிசையாக நின்றார்கள். கபீர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, யார் மகள் என்று தெரியாமலே செல்வியைக் கூப்பிட்டார். எதிரே எதையும் வைக்காமல் கருவி எவ்வளவு எண்ணுகிறது என்று காட்டச் சொன்னார்.

இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மண்ணிலும் சுவரிலும் காற்றிலும் எப்போதும் துளித்துளியாகக் கதிர்வீச்சு உண்டு. எண்ணெய்க் கடையில் வெறும் பாத்திரத்தை முதலில் நிறுத்துக் கழித்துக்கொள்வது மாதிரி, இதையும் முதலில் எண்ணிக் கழித்துக்கொண்டுதான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். செல்வி தடுமாறாமல் எண்ணிக் காட்டினாள். வழக்கமான அளவைவிட நூற்றுக்குப் பதினெட்டு கூடுதலாக வந்தது. பழைய கோளாறு என்று அம்மா சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தாள்.

கபீர் தலையாட்டினார். சுவரில் இருந்த கரும்பலகையைப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் எண்ணத் தொடங்குமுன் அன்றைய நிலவரத்தை எழுதிவைப்பது மணிமுத்து பழக்கிவிட்டுப் போன வழக்கம். வெப்பம், ஈரப்பதம், அதற்குக் கீழே, மழை: இல்லை.

"மழை இல்லைன்னு போட்டிருக்கே?"

"ஆமா சார்" என்றாள் செல்வி. "இன்னைக்கு மழை இல்ல."

கபீர் திறந்திருந்த ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே நின்ற நேரத்துக்குள் அவருடைய இடது கை முழங்கை வரை ஈரமாகியிருந்தது. மூலையில் சாத்தியிருந்த குடையைச் சுற்றித் தண்ணீர் தேங்கி, மேஜைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. சுடலைராஜ் என்ற மாணவனைப் பார்த்து, வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டார். அவன் கடமை தவறாமல் ஜன்னலுக்குப் போய், தலையை வெளியே நீட்டி, முகத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"இல்ல சார். சாரல்தான்."

பத்துப் பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருத்தருக்கும் அதில் வேடிக்கையாக எதுவும் தெரியவில்லை.

"மேடம், நீங்க சொல்லுங்க" என்றார் கபீர்.

ஆனந்தவள்ளி வாயைத் திறந்தாள். இல்லை என்றுதான் சொல்ல வந்தாள். பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

போன மாதம் அவளே நடத்திய பாடம். நிலத்திலிருந்து ரேடான் என்ற வாயு கசிந்து காற்றில் கலக்கிறது. அது சிதைந்து உண்டாகும் துகள்கள் காற்றில் மிதக்கின்றன. மழை பெய்தால் அவற்றைக் கழுவித் தரைக்குக் கொண்டுவந்துவிடும். அப்போது எண்ணிக்கை ஏறும், மழை நின்றதும் இறங்கும். பரீட்சையில் கேட்டால் பதினோரு பேரும் ஒரு பிழை இல்லாமல் எழுதுவார்கள், இவளும் முழு மதிப்பெண் போடுவாள். மழையில் ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆனி மாதம் தென்காசியில் மழை எங்கே பெய்கிறது?

பெட்டியைப் பிரிக்கும்போதே நசுங்கல் இருந்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிக்கொண்டு நின்ற மணிமுத்துவின் முகம் கண்ணுக்குள் வந்தது.

"பெய்யுது சார்" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "மழை பெய்யுது."

செல்வி அம்மாவைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கபீர் அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்.

*

மாணவர்களிடம் குழு தனியாகப் பேச வேண்டும். ஆசிரியர்கள் யாரும் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பது விதி. அந்த நேரம் முழுக்க ஆனந்தவள்ளி தன் அறையில், திறக்காத சாப்பாட்டு டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு வருஷம். ஒரு வருஷமாக அவள் அந்தப் பையனைத் தொழில் தெரியாதவன் என்று நினைத்திருக்கிறாள். நினைத்ததோடு விட்டாளா, வீட்டுக்காரரிடம் சொல்லி அவரையும் அப்படி நினைக்க வைத்திருக்கிறாள்.

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். செல்வி மட்டும் ஒதுங்கி வந்து கதவருகே நின்றாள். கல்லூரியில் மேடம் என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு மறந்துவிட்டாள்.

"யம்மா, சித்தப்பா அதக் கீழ போடல."

"தெரியும்ட்டி" என்றாள் ஆனந்தவள்ளி.

அதற்குள் முதல்வர் அறையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

கபீர் முன்னால் துறை அனுப்பியிருந்த அறிக்கை இருந்தது. முன்னாள் ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் டிடெக்டர் பழுதடைந்தது என்று அதில் இருக்கிறது. அடியில் கையெழுத்து ஆனந்தவள்ளியுடையது.

"மணிமுத்துங்கறது யாரு?" என்று கேட்டார் கபீர். அறிக்கையில் எங்கேயும் அந்தப் பெயர் இல்லை. இந்தக் கருவியை யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறார். பதினோரு பேரும் ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல்வர் முந்திக்கொண்டார். அந்த ஆளை அப்போதே அனுப்பியாயிற்று, விஷயம் அத்தோடு முடிந்தது என்றார். மேடத்தின் சொந்தக் கொழுந்தன்தான், ஆனாலும் பாரபட்சம் பார்க்காமல் நடவடிக்கை எடுத்தவர் மேடம் என்று பெருமையாகவும் சொன்னார். சொல்லிவிட்டு, ஆமாம் என்று சொல்லுங்கள் என்கிற மாதிரி அவளைப் பார்த்தார்.

ஒரு ஆமாம் போதும். ஒரு ஊழியன் கருவியைக் கெடுத்தான், அவனை அனுப்பினோம், கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம். குழு அதை ஒரு வரியில் குறித்துக்கொண்டு போய்விடும். துறை பிழைக்கும், கீழ்வகுப்புப் பிள்ளைகள் பிழைப்பார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் வேறு மாடி பார்த்துக்கொள்வார்கள். மணிமுத்துதான் போய்விட்டானே, அவன் எங்கே வந்து கேட்கப்போகிறான் என்று ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. தோன்றியதற்காக அவளுக்கு அவள் மேலேயே வெறுப்பு வந்தது.

"சார், கருவி கெட்டுப்போகவே இல்லை. அவர் அதைக் கீழே போடவும் இல்லை" என்றாள். "சாரலை நாங்க யாரும் மழைன்னு கணக்கில சேர்க்கலை. மத்தவங்களுக்குத் தோணாட்டியும் எனக்குத் தோணியிருக்கணும். நான்தானே துறைத் தலைவி."

முதல்வர் மேஜைக் கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கபீர் அறிக்கையை மூடி ஓரமாக வைத்தார். பிறகு, இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் தனக்கு வேலை சுலபம், இப்போது துறைத் தலைவிக்கே ஒரு வருஷமாகத் தெரியவில்லை என்று எழுத வேண்டியிருக்கும் என்றார். குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது.

"அதுவும்கூட நீங்க சொல்றதுதான். சாரல்தான் காரணம்னு இப்ப உங்களுக்குத் தோணுது. போன வருஷம் நசுங்கல்தான் காரணம்னு தோணுச்சு. நான் எதை நம்பறது?"

அவர் கேட்டதில் தப்பு இல்லை.

நாளை மத்தியானம் குழு கிளம்புகிறது. அதற்குள் நிரூபித்துக் காட்டினால் பார்க்கத் தயார் என்றார் கபீர். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அந்த மணிமுத்துவையும் பார்க்கணும். வருவாரா?"

*

இசக்கியப்பனுக்குப் போன் போட்டபோது முதலில் அருவிச் சத்தம்தான் கேட்டது. கூட்டத்தை விட்டு அவர் நகர்ந்து வரும்வரை காத்திருந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"அப்போ நான் அவன அந்தப் பேச்சு பேசுனதெல்லாம்?" என்றார்.

"நான் சொல்லப்போயித்தான பேசுனீங்க."

அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே ஆண்டு இடைவெளியில் தகப்பனையும் தாயையும் இழந்தபோது, தம்பியைத் தூக்கி நிறுத்திப் படிக்க வைத்தவர் அவர். திட்டியது அவருக்கும் ஆறாமல்தான் இருந்திருக்கிறது.

"நீ அங்கன போ. நான் இங்கன ஆள மாத்தி விட்டுட்டு வாரேன்" என்றார். "கதவத் தொறக்கலன்னா திரும்பி வந்திராத. நின்னுக்கிடு."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு செங்கோட்டை வழியாகப் பண்பொழிக்குப் போனாள். ஒரு வருஷமாக அந்தப் பாதைக்கே வராதவள். வயல்கள் இரண்டு பக்கமும் பச்சையாகக் கிடந்தன. திருமலைக் கோயில் இருக்கும் மலை மேகத்துக்குள் போய், அடிவாரம் மட்டும் தெரிந்தது. சாரல் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. ஆயுசு முழுக்க நனைந்தவளுக்கு அன்றைக்குத்தான் அது நனைக்கிறது என்று தெரிந்தது.

தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். வாசலில் மணிமுத்துவின் செருப்பு கிடந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தவள் ஓரகத்தி காளீஸ்வரி. இடுப்பில் பிள்ளை.

"வாங்கக்கா" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. வந்தவர்களை வா என்று சொல்லாமல் இருக்கத் தெரியாததால் சொன்ன வா அது. ஆனாலும் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

பிள்ளை ஆனந்தவள்ளியை உற்றுப் பார்த்தது. பெரியப்பனின் காது அப்படியே. விடைத்துக்கொண்டு நிற்கிற அந்தக் காதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்க முடியவில்லை. தொடுவதற்குக் கையைத் தூக்கினாள், உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் தாழ்த்திக்கொண்டாள்.

உள் அறைத் திரை அசையவில்லை. அவன் வெளியே வரவில்லை.

துண்டைக் கையில் பிடித்தபடியே, திரையைப் பார்த்துச் சொன்னாள்.

"மணி, மிஷின் நல்லாத்தான் இருந்துச்சு. நீ நல்லாத்தான் வச்சிருந்த. சாரல்ல ரேடான் இறங்கியிருக்கு. வருசா வருசம் பாடம் நடத்துதேன், எனக்குத் தெரியல. நாலு பேரு முன்னால வச்சு உன்னக் கேட்டேன். இன்னைக்கு காலேஜுக்கு வந்த குழு முன்னால வச்சு, நீ போடலன்னு சொல்லிட்டேன். சொன்னா ஆயிப்போச்சுன்னு வரல. உங்கிட்டயும் சொல்லணும்லா."

உள்ளே டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. காளீஸ்வரி பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். நின்றுகொள் என்று வீட்டுக்காரர் சொன்னதால் ஆனந்தவள்ளி நின்றாள். இல்லாவிட்டால் ஓடியிருப்பாள்.

டிவி நின்றது.

"எவ்வளவு ஏறுச்சு?" என்று கேட்டது திரைக்குப் பின்னாலிருந்து.

"நூத்துக்குப் பதினெட்டு."

"போன வருசமும் அதேதான்." குரல் திரைக்குப் பக்கத்தில் வந்திருந்தது. "சாரல் வெறிச்சப்புறம்? எவ்வளவு நேரத்துல இறங்குச்சு?"

ஆனந்தவள்ளிக்குப் பளிச்சென்று உறைத்தது. சாரல்தான் காரணம் என்றால், கழுவி இறங்கிய துகள்கள் சாரல் நின்றதிலிருந்து அரைமணிக்கொரு தரம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைய வேண்டும். வேறு எந்தக் கோளாறும் அப்படிக் கணக்காகக் குறையாது. அது ஒன்றுதான் சாட்சி. கபீர் கேட்ட நிரூபணமும் அதுதான்.

"பாக்கல" என்றாள்.

திரை விலகியது. மணிமுத்து வந்து நின்றான். இளைத்திருந்தான். கோபம் முகத்தில் அப்படியேதான் இருந்தது, ஆனால் இப்போதைக்கு அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று அவனைப் பிடித்திருந்தது.

"கையில மிஷின வச்சிக்கிட்டு அதப் பாக்காம என்னத்த மதினி பாத்தீங்க?"

மதினி என்று வாயிலிருந்து வந்துவிட்டது அவனுக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. அதுவரை பிடித்து வைத்திருந்த அழுகையைத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள். காளீஸ்வரி பிள்ளையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள்.

நாளை மத்தியானம் குழு கிளம்புகிறது, அதற்குள் நிரூபிக்க வேண்டும், அவனையும் பார்க்க வேண்டும் என்கிறார்கள் என்று ஆனந்தவள்ளி சொன்னாள். மணிமுத்து வாசலுக்குப் போய் வானத்தை அண்ணாந்து பார்த்தான். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் ஒரு மணி நேரமாவது சாரல் நின்று வெறிக்க வேண்டும், வெறிக்காவிட்டால் யார் வந்தும் பிரயோஜனம் இல்லை என்று மட்டும் சொன்னான். அதற்குள் தெருமுனையில் புல்லட் திரும்பும் சத்தம் கேட்டது. அண்ணனின் வண்டி என்று தெரிந்தும் அவன் உள்ளே போகவில்லை, தலையைக் குனிந்துகொண்டான்.

ஆனந்தவள்ளி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, மேகத்துக்குள் மறைந்து கிடந்த திருமலையைப் பார்த்து நின்றாள். சீசன் பிறந்த பிறகு சாரல் நிற்க வேண்டும் என்று இந்தச் சீமையில் யாரும் சாமியிடம் கேட்டதில்லை. அவள் கேட்டாள்.